தனியா போனா சூடாகற வண்டி

பேய், பிசாசு, காத்து, கருப்புன்னு யாராச்சும் ஆரம்பிச்சா நான் மில்லு மோட்டாரை ஓட உட்டுருவேனுங்க. அந்தச் சத்தத்துல அவங்க பேச்சு தானா நின்னு போயிரும். போத்தனூர்ல மாவு மில்லு வெச்சிருக்கறவன் நான். மோட்டார் சூடாகுதுன்னா ஒண்ணு பேரிங் போயிருக்கோணும், இல்லாட்டி லோடு அதிகமா இருக்கோணும், அதுவும் இல்லாட்டி கரண்டு சரியில்லைன்னு அர்த்தம். அதைத் தாண்டி ஒரு காரணம் உலகத்துல இருக்கும்னு நான் நெனச்சதே இல்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்"னு மாவு அரைக்க வர்ற அம்மணிங்களுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் தேஞ்சு போச்சு. இப்ப நான் சொல்றதைக் கேட்டுட்டு நீங்க அதையே எனக்குத் திருப்பிச் சொல்லுவீங்க. சொல்லிக்குங்க. ஆனா இது நடந்துச்சு. அதுவும் இருட்டுல இல்லீங்க, பட்டப்பகல்ல.

எம்பொண்ணு நித்யாவை வால்பாறைல கட்டிக் குடுத்திருக்கறேன். மாப்பிள்ளை பிரபுவுக்கு அங்க எஸ்டேட் ஆபீஸ்ல வேலை. பொண்ணுக்குத் தலைப்பிரசவம். கட்டுச்சோறு விருந்தெல்லாம் போட்டாச்சு, மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கறப்ப கீழ கூட்டியாறதுன்னு பேச்சு. பஸ்ஸுல அந்த நாப்பது கொண்டை ஊசி வளைவுல வயித்தைப் புடிச்சுட்டு அவ வர்றதை நெனச்சாலே எனக்குப் பகீர்னுச்சு. எம்பொண்ணை எங்கார்லதான் கூட்டியாருவேன்னு வீறாப்பா ஒரு பழைய வண்டியை வாங்கிப்போட்டேன். "யானையை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுத கதை"ம்பாங்க பாருங்க, அது மாதிரி அங்க புடிச்சுது சனி.

வாங்கின வாரத்துலயே ஈச்சனாரிகிட்ட போறப்ப சூடு காட்டற முள்ளு கிடுகிடுன்னு மேல ஏறிப் பானட்ல இருந்து ஆவி அடிச்சுது. நம்ம மெக்கானிக் அன்சாரி பாய்கிட்ட கொண்டுபோய் உட்டேன். அவரு கூலண்ட்டை மாத்தி, ரேடியேட்டர் மூடியை மாத்தி, "வாங்ண்ணா, ஒரு ரவுண்டு போலாம்"னு பக்கத்துல ஏறி உக்காந்தாரு. மலுமிச்சம்பட்டி வரைக்கும் போயிட்டு வந்தோம். முள்ளு பாதிக்கு மேல அசையவே இல்லை. கும்புடு போட்டுட்டு வண்டியை எடுத்துட்டு வந்தேன். மறுநாளே செட்டிபாளையம் ரோட்டுல மறுபடியும் ஆவி. திரும்பப் பாய்கிட்ட போனா தெர்மோஸ்டாட்டை மாத்தினாரு, கூட வந்தாரு, சூடாகலை. தனியா போனேன், சூடாச்சு. அப்பறம் வாட்டர் பம்ப்பு, அப்பறம் ஃபேன், அப்பறம் ரேடியேட்டரையே கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டினாரு. அவரு கூட வந்தா அந்த வண்டி பசு மாடு மாதிரி போகுது, அவரு எறங்கிட்டா எருமைக்கடா மாதிரி மூச்சு உடுது. ரோட்டோரமா நின்னு போனைப் போட்டுக் கத்துனா, "ஏனுங்ண்ணா, நான் இருந்தா சூடாகலை, நீங்க இருந்தா சூடாகுதுன்னா கோளாறு வண்டிலயா இருக்குது?"ன்னு கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி.

வேடிக்கைக்குத்தான் கேட்டாரு. எனக்கு அது மண்டைல உக்காந்துக்குச்சு. யோசிச்சுப் பார்த்தா நெசந்தான். சம்சாரம் சரசாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனப்ப சூடாகலை. பக்கத்து ஊட்டு வாத்தியாரை ரயிலேத்தப் போனப்பவும் சூடாகலை. போறப்ப அவரு இருந்தாரு, நல்லாருந்துச்சு; திரும்ப ஒத்தையா வர்றப்ப மேம்பாலத்து மேல நின்னு போச்சு. சரி, முன்னாடி இடது பக்கம் பாரம் இருந்தா ஏதோ ஒயரோ குழாயோ சரியா உக்காருது போலன்னு, ஒரு மூட்டை ராகி மாவைத் தூக்கி அந்த சீட்டுல வெச்சேன். பெல்ட் போடச் சொல்லி டிங் டிங்னு மணி அடிச்சுது. மூட்டைக்குப் பெல்ட்டைப் போட்டுட்டு ஓட்டுனேன். ஆளுக்குண்டான பாரம் இருக்குது, இருந்தும் சூடாச்சு. பாய்கிட்ட சொன்னேன். மனுசன் கைல இருந்த ஸ்பேனரைத் தொடச்சு வெச்சாரு. அப்பறம் "ராகிக்குப் பதிலா கம்பு வெச்சுப் பாத்தீங்களா?"ன்னாரு. அடிக்கலாம்னு கை வந்துச்சுங்க.

அதுக்குள்ள டாக்டரம்மா, "மலை மேல வெச்சுட்டு இருக்காதீங்க, சீக்கிரம் கீழ கூட்டிட்டுப் போயிருங்க"ன்னு சொல்லிப்போட்டாங்க. மாப்பிள்ளை போன் பண்ணி, "மாமா, நான் இங்கயே ஒரு டாக்சி சொல்லிரட்டுங்களா?"ன்னாரு. அந்த ஒரு வார்த்தை போதாதுங்களா? "வேண்டாங்க மாப்ளே, நான் வாரேன்"னுட்டேன். நான் போட்ட கணக்கு என்னன்னா, மேல ஏறறப்பத்தான் நான் ஒத்தை ஆளு, சூடானா எனக்கு மட்டுந்தான் சீரழிவு. வர்றப்ப மாப்பிள்ளை முன்னாடி உக்காந்துக்குவாரு, ஆள் இருந்தா இந்தக் கழுதை சூடாகாது. சரசா கூட வரலாம்தான், ஆனா ஆழியாறு தாண்டினா அவளுக்கு வாந்தி. ரெண்டு பேருக்கு யாரு வைத்தியம் பாக்கறது?

கேன்ல தண்ணி ரொப்பி டிக்கில வெச்சுட்டுக் கெளம்பறேன், சரசா கேட்டுகிட்ட நிக்கறா. "ஏனுங்க, திரும்பி வர்றப்ப மூணு பேருங்க"ன்னா. மூணு பேராச் சேர்ந்து நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது, போனா ஒரு கல்லை நாலாவது ஆளா எடுத்துட்டுப் போகோணும்னு நம்ம பக்கம் ஒரு வழக்கம் இருக்குதுல்லீங்க, அதைச் சொல்றா. "வயித்துல இருக்கறதோட நாலுதான் அம்மணி, ஆளை உடு"ன்னேன். "பொறக்காததை எண்ணப்படாது"ன்னுட்டு, கேட்டு மூடாம இருக்க முட்டுக் குடுப்பமே ஒரு உருண்டைக் கருங்கல்லு, தேங்காய் அளவு இருக்கும், அதைக் கழுவித் தொடச்சுக் கொண்டாந்து முன் சீட்டுல வெச்சா. வெச்சுட்டு, "நாலாவது ஆளாக் கூடப் போயிட்டு, புள்ளையப் பத்திரமாக் கூட்டிட்டு வா சாமி"ன்னு சொன்னா. எங்கிட்ட இல்லீங்க, கல்லுகிட்ட. எனக்கு ஒரு வார்த்தை "பாத்துப் போயிட்டு வாங்க"ன்னு வரலை.

தெரு முக்கு திரும்பலை, டிங் டிங் டிங்னு ஆரம்பிச்சுருச்சு. அந்த சீட்டுல நான் டிபன் கேரியர் வெச்சிருக்கறேன், தண்ணி கேன் வெச்சிருக்கறேன், ஒருநாளும் அடிச்சதில்லை. இந்தத் தேங்காய்ப் பருமன் கல்லுக்கு அடிக்குது. கிணத்துக்கடவு வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு ஓட்டுனேன், நிக்கலை. ஓரங்கட்டி, நாலு நல்ல வார்த்தை திட்டி, கல்லுக்குப் பெல்ட்டைப் போட்டேன். நின்னு போச்சு. ஆழியாறு செக்போஸ்ட்ல இருந்தவரு உள்ள எட்டிப் பாத்துட்டு, "ஏனுங்க, கூட வர்றவரு ரொம்ப அமைதியான ஆளாட்டம் இருக்குது"ன்னு சிரிச்சாரு. நான் சிரிக்கலை. என் கண்ணெல்லாம் முள்ளு மேல.

நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. அத்தனை ஏத்தம், அத்தனை வளைவு, முன்னாடி பொகையைக் கக்கிட்டு ஒரு லாரி, முக்காவாசித் தூரம் ஃபர்ஸ்ட் கியருதான். முள்ளு பாதில நின்னது நின்னதுதான். ஒரு மூட்டை மாவு பண்ணாததை ஒரு கல்லு பண்ணுது. சந்தோசப்படறதா எரிச்சல்படறதான்னே தெரியலை. பாய் மாத்தின சாமானெல்லாம் இப்பத்தான் வேலை செய்யுதாட்டம் இருக்குதுன்னு என்னை நானே தேத்திக்கிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கெளம்பினோம். மாப்பிள்ளை முன்னாடி, நித்யா எனக்குப் பின்னாடி, கல்லை எடுத்து அவ பக்கத்துல வெச்சுட்டோம். மாப்பிள்ளை நல்ல மனுசன்தான், ஆனா வாயை மூட மாட்டாரு. புது மேனேஜர் கதையை ஆரம்பிச்சா காட்டுமாடு குறுக்க வந்தாலும் நிக்காது. இறக்கத்துல பாதி வழில ஒரு வளைவுல பஸ்ஸும் லாரியும் மாட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் வண்டி நின்னு போச்சு. இவரு "நான் போயிப் பாக்கறேன் மாமா"ன்னு எறங்கிட்டாரு.

முன் சீட்டு காலி. பொண்ணுக்கு வேர்க்குதுன்னு ஏசி ஓடுது. நின்ன எடத்துல இஞ்சின் உறுமிட்டு இருக்குது. கார் சூடாகறதுக்கு இதை விட நல்ல நேரம் கெடையாதுங்க. சுத்தியும் காடு, போன்ல சிக்னல் இல்லை, பின்னாடி நெறமாசப் புள்ள. முள்ளையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். எங்கொலசாமியெல்லாம் கூப்பிட்டாச்சு. முள்ளு அசையலை. பஸ் டிரைவர் கையைக் காட்டி என்னை மொதல்ல போகச் சொன்னாரு. மாப்பிள்ளை, "ரெண்டு வளைவு தள்ளி நிறுத்துங்க மாமா, நடந்து வாரேன்"னாரு. மெதுவா உட்டேன்.

அப்பத்தான் கண்ணாடில பொண்ணைப் பார்த்தேன். தூங்கிட்டு இருந்தா. தலை இடது பக்கமாச் சாஞ்சிருக்குது. சீட்டுல சாயலீங்க. சீட்டுக்கும் தலைக்கும் நடுவுல எடம் இருக்குது, சன்னலு அந்தக் கோடில இருக்குது. பக்கத்துல உக்காந்திருக்கற ஒருத்தர் தோள்ல தலையை வெச்சுத் தூங்குவாங்கல்ல, அப்புடிச் சாஞ்சிருக்கறா, ஆனா அங்க தோளு இல்லை. வண்டி வலது பக்கம் ஒடியுது, நான் ஒரு பக்கம் சாயறேன், கேன்ல தண்ணி சலசலங்குது, அவ தலை அசையலை. அடுத்து இடது பக்கம் ஒடிச்சேன், அப்பவும் அசையலை. கன்னம் கூட ஒரு பக்கம் லேசா அமுங்கி இருந்துச்சு.

கூப்பிடலாம்னு வாயெடுத்தேன். கூப்பிடலை. ஏன்னா எழுப்புனா அந்தத் தலை எங்க இருந்து எந்திரிக்கும்னு பாக்கோணுமே. வண்டியை ஓரமா நிறுத்தி மாப்பிள்ளை வர்ற வரைக்கும் ரோட்டையே பார்த்துட்டு இருந்தேன். அவரு கதவைத் தொறந்த சத்தத்துல அவ முழிச்சா. "நல்லாத் தூங்கிட்டேன்ப்பா, முதுகு வலியே தெரியலை"ன்னா. மேனேஜர் கதை உட்ட எடத்துல இருந்து தொடர்ந்துச்சு. மொத தடவையா அந்தக் கதை எனக்கு இனிப்பா இருந்துச்சுங்க.

ஊட்டுல சரசா ஆலாத்தி சுத்திப் புள்ளைய உள்ள கூட்டிட்டுப் போனா. வந்து சேர்ந்ததும் கல்லைத் தூக்கிப் போட்டுரோணும்ங்கறதும் அந்த வழக்கந்தானுங்களே, நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாம அதைக் கொண்டுபோய் ரயில்வே காம்பவுண்டு ஓரம் புதருக்குள்ள எறிஞ்சுபோட்டு வந்தேன். பத்து நாளுக்குள்ள சுகப்பிரசவம், பொம்பளைப் புள்ளை, தாயும் சேயும் நல்லாருக்காங்க. விசயம் அதோட முடிஞ்சிருந்தா நான் இதை வெளிய சொல்லியே இருக்க மாட்டேன்.

புள்ளை பொறந்த அன்னைக்கு வெந்நீர் ஃபிளாஸ்க்கு எடுக்க ஆஸ்பத்திரில இருந்து ஒத்தையா வந்தேன். கல்லு இல்லை, ஆளு இல்லை, கண்டிப்பா சூடாகும்னு நெனச்சேன். ஆகலை. டிங் டிங் டிங். காலி சீட்டுக்குங்க. பெல்ட்டைப் போட்டேன், நின்னு போச்சு. அன்னைல இருந்து வண்டி ஒருநாள் சூடானதில்லை, ஒருநாள் மணி அடிக்காம இருந்ததும் இல்லை. சரசாகிட்ட சொன்னா, "நாலு பேருன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டு ஒருத்தரை மட்டும் தூக்கி எறிஞ்சா?"ன்னு எம்மேலயே பாயறா. அந்த வழக்கத்தை ஆரம்பிச்சு உட்டதே அவதானே!

பழைய ஓனரை விசாரிச்சியான்னு கேப்பீங்க. போன் பண்ணினேன், நல்லாத்தான் இருக்காரு. அவருக்கு வண்டி சூடானதே இல்லையாம். சம்சாரம் இல்லாம அந்த மனுசன் கடைக்குக் கூடப் போனதில்லையாம். அன்சாரி பாய் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துட்டு, "சென்சார் நல்லாத்தான் இருக்குதுங்ண்ணா. ஆள் உக்காந்திருக்குதுன்னு காட்டுது"ன்னாரு. "சரி, ஏறுங்க பாய், ஒரு ரவுண்டு போலாம்"னேன். இத்தனை நாள் முன்னாடி உக்காந்து வந்த ஆளு, பின் கதவைத் தொறந்து உக்காந்தாரு.

இதெல்லாம் கூடப் பழகிப்போச்சுங்க. கெளம்பறப்பப் பெல்ட்டைப் போடறேன், ஊடு வந்ததும் மறக்காம கழட்டி உடறேன். ஒருநாள் மழைல அவசரமா எறங்கினதுல கழட்ட மறந்துபோச்சு. வண்டியைப் பூட்டி, கேட்டையும் பூட்டிட்டு, சாவியை எந்தலைமாட்டுல வெச்சுட்டுப் படுத்தேன். காலைல போயிப் பார்த்தா பெல்ட்டு கழண்டு, ஒழுங்கா அதோட எடத்துல சுருண்டிருக்குது. பாய்கிட்ட கேட்டேன். "ரேடியேட்டர் சம்பந்தமா ஏதாச்சும் இருந்தாக் கேளுங்ண்ணா"ன்னுட்டாரு.

எறங்கிருச்சு, சரி. எறங்கி எங்க போச்சுங்க? கேட்டு பூட்டித்தான் இருந்துச்சு. அதுக்கும் வாசப்படிக்கும் நடுவுல வேற போக்கிடம் இல்லை. உள்ள முன்னறைலதான் பேத்திக்குத் தொட்டில் கட்டியிருக்கறோம்.