கேட்காத ஆல்பம்

ஏற்காட்டில் இசைப் பிரியர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஞாயிறுதோறும், வீட்டில் ரசித்துக்கொண்டிருக்கும் ஆல்பத்தைப் பற்றி எழுத வேண்டும். ஒரு வாரம் எனக்கு எதையும் கேட்க நேரமில்லை. கெத்தாக இருக்கட்டுமென்று, கண்ணில் பட்ட ஒரு வீணை ஆல்பத்தின் அட்டைப் படத்தைப் போட்டு, ‘காலையிலிருந்து இதில்தான் கரைந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள், குழுவிலிருக்கும் ஸ்டெல்லாக்கா கரடியூரிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“எங்க ஊட்டுக்காரரும் நானும் ரெண்டு மாசமாப் பேசிக்கறதில்லைங்க. நீங்க சொன்னீங்களேன்னு அந்த ஆல்பத்தைப் போட்டேனுங்க. நாலாவது பாட்டு முடிஞ்சதும், ‘இன்னொருக்கா போடு புள்ள’ன்னாருங்க. ஏனுங்க, அந்தப் பாட்டுல அப்படி என்னதான் இருக்குதுங்க?”

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

“அக்கா, நான் அதை இன்னும் கேக்கவே இல்லைங்க.”

கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அப்ப இப்பக் கேளுங்க.”

கேட்டேன். அவர் கண்ணை மூடித் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கோ அது வெறும் வீணைச் சத்தமாகத்தான் இருந்தது.

அந்தப் பொய்க்காக வெட்கப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நாலாவது பாட்டை மட்டும் அடிக்கடி போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.