தபால்கார நண்டின் நிறம்

என் அத்தை தொலைக்காட்சியில் வந்தது ஒரே ஒரு முறை. அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்றது நான். எனக்குப் பத்து வயது. எங்கள் பக்கத்துக்குக் கேபிள் வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது.

அத்தை என் நைனாவின் தங்கை. கல்யாணத்துக்கு முன் பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்தவள். புருஷன் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். தினமும் முதல் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போய் ஒரு பேக்கரியில் தட்டு கழுவினாள். கழுவிக்கொண்டே கேக் மாஸ்டரின் கையைப் பார்த்து வேலையைக் கற்றுக்கொண்டாள். மாஸ்டர் சாப்பிடப் போகும் நேரத்தில், கவிழ்த்த தட்டின் முதுகில் மிச்சக் கிரீமைப் பிழிந்து பூப்போட்டுப் பார்த்துவிட்டு, ஆள் வருவதற்குள் வழித்துவிடுவாளாம்.

குழந்தைகள் தினத்தை ஒட்டி, பொன்னேரிக் கேபிள்காரர் ஒருவர் தன் உள்ளூர் சேனலுக்காகக் கேக் அலங்காரப் போட்டி வைத்தார். ஏதாவது ஒரு குழந்தைகள் புத்தகத்தில் வரும் பாத்திரத்தைப் பெரியவர் ஒருவர் கேக்கின் மேல் செய்ய வேண்டும். கூட வரும் பிள்ளை அந்தக் கதையை மைக்கில் சொல்ல வேண்டும். பிள்ளை கேக்கைத் தொட்டால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். வெறும் கேக்குகளைக் கொடுத்தது அத்தையின் பேக்கரி முதலாளி. தானும் கலந்துகொள்வதாக அத்தை சொன்னதும் அவர் சிரித்தாராம். முதல் பரிசு வாங்கிவிட்டால் மறுநாளே தட்டு கழுவுவதை விட்டுக் கிரீம் மேசையில் நிற்கலாம் என்றும் சொல்லிவைத்தார். அத்தை சிரிப்பை அவரிடமே விட்டுவிட்டு வாக்கை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அந்த வாக்கெல்லாம் பெரிதாகப் படவில்லை. முதல் பரிசு வாங்கும் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் என்று சொல்லியிருந்தார்கள்.

புத்தகம் என் பொறுப்பு. பள்ளிக்கூடத்துப் பெட்டியிலிருந்து நான் எடுத்து வந்தது, ஏரியிலுள்ள மீன்களுக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தபால்கார நண்டின் கதை. அட்டைப்படத்தில் தலையில் தொப்பி, தோளில் பை, உடம்பெல்லாம் மிளகாய்ப்பழச் சிவப்பு. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, ஆறு காலு போட்டுக்கிறான்? வரைஞ்சவன் நண்டு தின்னுருப்பான், பாத்துருக்க மாட்டான்.”

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எட்டு மேசைகள், கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள், ஒரு கேமரா. நான் வெளி ஆட்களிடம் வாயே திறக்காத பிள்ளை. கதையை முணுமுணுத்தபடி மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தையோ நேரே வேலையில் இறங்கினாள். பச்சை நிறத்தில் கொஞ்சம் கோகோ பொடியைக் குழைத்து, ஏரிச்சேற்றின் நிறத்தைக் கொண்டுவந்தாள். கொடுக்குகளோடு சேர்த்துப் பத்துக் கால். கடைசி ஜோடியைத் துடுப்பு மாதிரி தட்டையாக்கினாள். பெரிய கொடுக்கில் ஒரு வெள்ளைக் கடிதம், அதில் சிவப்புத் தபால்தலை. இப்போது நினைத்தாலும் அந்த நண்டு நகரப் போவது போலவே இருக்கிறது.

அடுத்த மேசையில் ஓர் அம்மா யானை செய்துகொண்டிருந்தார். அவருடைய பையன் எட்டிப் பார்த்து, உங்கள் நண்டு ஏன் அழுக்காக இருக்கிறது என்று கேட்டான். சைக்கிள் என்னைவிட்டு உருண்டு போவது எனக்குத் தெரிந்தது.

போட்டி முடியும் மணியடிக்க இன்னும் சில நிமிடங்களே இருந்தன. அத்தை கை கழுவக் குழாய்க்குப் போனாள். தபால்தலைக்கு வைத்த சிவப்புக் கிரீம் கூம்பு மேசையிலேயே கிடந்தது. கேமரா அந்தக் கோடியில் இருந்தது. நான் கூம்பைப் பிழிந்து, விரலால் நண்டின் ஓடு முழுவதும் தேய்த்துவிட்டேன். அட்டைப்படம் மாதிரியே ஆகிவிட்டது.

அத்தை திரும்பி வந்தபோது மணியடித்தது. அவள் நண்டைப் பார்த்தாள். பிறகு, முதுகுக்குப் பின்னால் இருந்த என் கையை இழுத்துத் தன் முந்தானையில் விரல் விரலாகத் துடைத்தாள். கேமரா வருகிறதே, பிள்ளை சுத்தமாக இருக்கட்டும் என்று நினைக்கிறாள் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கதையை நான் தடங்கலில்லாமல் சொன்னேன். நடுவராக வந்த டீச்சர் அட்டையையும் கேக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்து, புத்தகத்தில் இருப்பது அப்படியே இருக்கிறது, இந்தச் சிவப்புதான் அழகு என்று பாராட்டினார். பேக்கரி முதலாளிகூடத் தலையாட்டினார். டீச்சர் மைக்கை அத்தையிடம் நீட்டினார்.

“உயிரோட இருக்கிற நண்டு செவப்பா இருக்காது டீச்சர்” என்றாள் அத்தை. “வெந்தாத்தான் செவக்கும். வெந்துபோன நண்டு எப்படி தபால் குடுக்கும்? அந்தச் செவப்பு என் தப்பு.”

மண்டபமே சிரித்தது. டீச்சர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நீங்களே தப்புனு சொன்னா நான் எப்படிம்மா மொதல் பரிசு குடுக்கிறது?”

“குடுக்காதீங்க டீச்சர்.”

சைக்கிள் யானைக்குப் போனது. எங்களுக்கு மூன்றாம் பரிசாக ஒரு பிளாஸ்டிக் கூஜா கிடைத்தது. பஸ்ஸில் நான் அத்தையோடு உட்காரவில்லை. கூஜாதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேனலில் போட்டியைப் போட்டார்கள். டிவி இருந்த வீட்டில் எங்கள் மீனவக் குப்பமே கூடியது. சிவப்பு நண்டைக் கண்டதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தை பேசியபோது சிரிப்பு நின்றது. சரியாகச் சொன்னாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெரியப்பா மட்டும் விடவில்லை.

“இவ்ளோ தெரிஞ்சவ, அப்புறம் ஏம்மா செவப்பப் பூசின?”

“அவசரம்ண்ணா. கை தவறிடுச்சு” என்றாள் அத்தை. என் பக்கம் திரும்பவே இல்லை.

சில மாதங்கள் கழித்து, படகு முதலாளி ஒருவர் தன் பேரன் பிறந்தநாளுக்கு நண்டு கேக் கேட்டு அந்தப் பேக்கரிக்குப் போனார். டிவியில் பேசிய அம்மாதான் செய்ய வேண்டும், வெந்த நண்டு வேண்டாம் என்றாராம். அன்றைக்குக் கிரீம் மேசைக்குப் போன அத்தை பிறகு தட்டுப் பக்கம் திரும்பவில்லை. இப்போது அங்கே மாஸ்டர் அவள்தான்.

ஆனால் போட்டி நடந்த வாரம் அவள் இன்னும் தட்டு கழுவத்தான் போய்க்கொண்டிருந்தாள். நானோ அவளிடம் பேசுவதில்லை. தப்பு யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மைக்கில் ஒரு தடவை, குப்பத்தார் முன்னால் ஒரு தடவை, அவளே ஒத்துக்கொண்டாளே. சேனலில் வந்த மறுநாள், திங்கட்கிழமை காலை அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, நான் பெரிய மனசு பண்ணி வாசல்வரை போனேன்.

“போனா போவுது அத்தை, மன்னிச்சிட்டேன்” என்றேன்.

அத்தை சிரிக்காமல், சரி என்று தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.