போத்தலில் பிடித்த அபிஷேகப் பால்

கொழும்பு வெள்ளவத்தையில் புடவைக் கடையொன்றில் வேலைக்கு நிற்கிறேன். விலை கேட்டுக்கொண்டிருப்பவர் முன்னால் சேலையை விரித்துப் போட்டுவிட்டுப் பின்பக்கக் கழிப்பறைக்கு ஓடுவது எவ்வளவு வெட்கம் என்று ஓடினவனுக்குத்தான் தெரியும். கேட்டவர்களுக்கெல்லாம் வெறும் ‘காஸ்ரிக்’, வயிற்றெரிச்சல்தான் என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் என் பெருங்குடல் உள்ளே அழன்று புண்ணாகியிருக்கிறது. இரத்தமும் போகும். கிளினிக்கில் தந்த குளிசைகளை நாள் தவறாமல் விழுங்க வேண்டும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் ஃபோனில் வருவதை ஒன்றும் விடாமல் வாசிப்பேன், வாசித்துப் பயப்படுவேன். அந்தக் குளிசை சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம் என்று எங்கோ வாசித்ததிலிருந்து, அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் முதுகு வலிப்பது போலிருந்தது. பிறகு வேறொன்று வந்தது. பாலில் லக்ரோபெரின் என்றொரு புரதம் இருக்கிறதாம். அது குடலின் அழற்சியைத் தணிக்கக்கூடுமா என்று ஆராய்கிறார்களாம். அதிகம் சூடாக்கினால் கெட்டுவிடுமாம். ஆராய்கிறார்கள் என்பதை நான் பெரிதாக எடுக்கவில்லை. சூடாக்கக் கூடாது என்பதைப் பிடித்துக்கொண்டேன்.

காய்ச்சாத பாலுக்கு இந்த ஊரில் எங்கே போவது? வீட்டில் பால்மா. கடையில் பக்கெட் பால், அதுவும் சூடாக்கி அடைத்ததுதான். கடைசியில் கோயில் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பாலபிஷேகம். பச்சைப்பால் தானே ஊற்றுவார்கள்? சிலையில் வழிந்து வெளியே வருவதை மற்றவர்கள் உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார்கள். நான் போத்தலில் பிடித்தேன். “வீட்டில வருத்தக்காரர்” என்று ஐயரிடம் சொன்னேன். அந்த நோயாளி நான்தான் என்று சொல்லவில்லை. போத்தலை ஃப்ரிட்ஜில் ஒளித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். குளிசையை நிறுத்தினேன்.

சில கிழமைகளில் கடையில் நிற்க முடியாமல் போனது. காய்ச்சலும் வந்தது. கிளினிக்குக்குப் போனேன்.

டொக்டர் அம்மா சிங்களத்தில் கேட்டார். விலை பேசுகிற சிங்களம் என்னிடம் இருக்கிறது. வயிற்றைச் சொல்கிற சிங்களம் இல்லை. தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று தாதி வரிசையைப் பார்த்துக் கேட்டார். எழுந்து வந்தவர் எங்கள் ஒழுங்கையில், தெருமுனை மாடிவீட்டில் இருக்கும் அக்கா. வெள்ளிக்கிழமைகளில் பால் செம்போடு முன்வரிசையில் நிற்பவர்.

“தம்பி, நீரோ? காஸ்ரிக் எண்டெல்லோ சொன்னனீர்!”

நிலம் பிளந்தால் இறங்கியிருப்பேன்.

“ஒரு நாளைக்கு எத்தினை தரம் போறீராம்?”

விரல்களைக் காட்டினேன்.

“வாயால சொல்லும். விரலை நான் சிங்களத்தில மாத்தேலாது.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“குளிசை ஒழுங்காப் போடுறீரோ எண்டு கேக்கிறா. போட்டும் இப்பிடியெண்டால் கடுமையான மருந்து துவங்க வேணுமாம்.”

ஓம் என்று சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கடுமையான மருந்து என்ற பயம் வெட்கத்தை முந்திக்கொண்டது.

“நிப்பாட்டிப் போட்டன் அக்கா. பால் குடிச்சனான். கோயில் பால்.”

அக்கா அதை டொக்டரிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார்.

“எங்கட அம்மன் கோயில் பாலோ?”

“ஓம். பச்சைப்பாலில ஒரு சத்து இருக்காம்…”

“ஐயோ தம்பி, அது நான் கொண்டு வாற பாலெல்லோ! மூண்டாம் மாடியில நான் என்ன மாடே கட்டி வச்சிருக்கிறன்? பால்மாவைச் சுடுதண்ணியில கரைச்சு, ஆறவிட்டுச் செம்பில ஊத்திக்கொண்டு வாறனான்!”

பிறகு எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னார். டொக்டர் அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு பொறுமையாக விளக்க, அக்கா அதைத் தமிழில் எனக்குச் சொன்னார்.

“அப்பிடி ஒரு சத்து இருக்கிறது உண்மையாம். நல்லது செய்யுமோ எண்டு இன்னும் பாக்கினமாம். ஆனா குளிசைக்குப் பதில் இல்லையாம். பூவும் மஞ்சளும் சேந்து, போத்தலில கிடந்த பால் புண் வயித்துக்குக் கூடவே கூடாதாம். வயித்துக்குள்ள கிருமி போயிட்டுதோ எண்டு சோதிச்சுத்தான் மருந்து எழுதுவாவாம்.”

மலம் எடுக்கிற சின்னப் போத்தலைத் தாதியிடம் வாங்கி என் கையில் தந்ததும் அக்காதான்.

அடுத்த வெள்ளி அவரைப் பார்க்கப் பயந்து, நகரின் மறுபக்கம் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போகப் புறப்பட்டேன். பாதி வழியில் வயிறு முறுக்க, பஸ்ஸை விட்டு இறங்கி, தெரியாத சாப்பாட்டுக் கடையில் கழிப்பறை கேட்டு நின்றேன். அதற்கு அடுத்த கிழமை எங்கள் கோயிலுக்கே வந்து, கடைசியில் தூணோடு ஒட்டி நின்றேன்.

அக்கா செம்பைக் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“குளிசை போட்டீரோ?”

“ஓம் அக்கா.”

“ஒழுங்கையில சனம் கேட்டவை, உமக்கு என்ன வருத்தமெண்டு.” குரலைத் தாழ்த்தினார். “காஸ்ரிக் எண்டுட்டன்.”

நான் கட்டின பொய்யை இப்போது அவரும் எனக்காகச் சுமக்கிறார். தலையை நிமிர்த்த முடியவில்லை. பால் வந்தபோது கையை ஏந்தாமல், விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.