வளராத புல்லுக்குத் தண்ணீர்

அக்கா தான் விரும்பியவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். என்ன வேலை என்று அப்பா கேட்டார்.

"ஹாக்கி மைதானத்துக்குத் தண்ணி விடுறேன்."

"புல்லு நல்லா வளருதா?"

"பிளாஸ்டிக் புல்லு, மாமா. வளராது."

அக்காவின் பிடிவாதத்தால் கல்யாணம் நடந்தது. ஆனால் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட அப்பாவுக்கு வாய் வரவில்லை. "விவசாயி எங்கே?" என்பார். அக்கா பல்லைக் கடித்துக்கொள்வாள். அத்தான் சிரிப்பார்.

ஒருமுறை அப்பாவும் நானும் ஆட்டம் பார்க்கப் போனோம். தூறிக்கொண்டிருந்தது. அத்தான் அப்போதும் குழாயைப் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

"மழையிலயும் பாசனமா?" என்றார் அப்பா.

"தூறல் பத்தாது மாமா. காஞ்ச பிளாஸ்டிக் புல்லுல விழுந்தா தோலு உரிஞ்சிடும்." பேன்ட்டைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார். வெந்து ஆறிய மாதிரி இருந்தது. "நான் ஆடினப்போ தண்ணி விட ஆளில்ல. இதோட ஆட்டம் போச்சு. அப்புறம் இந்த வேலைய நானே கேட்டு வாங்கினேன்."

ஆட்டத்தில் ஒரு பெண் பந்துக்குப் பாய்ந்து விழுந்தாள். ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போய், எழுந்து ஓடினாள். அப்பா அவள் முழங்காலையே பார்த்தார்.

இடைவேளையில் தூறல் விட்டிருந்தது. அத்தான் மறுபடி குழாயோடு வந்தார். அப்பா எழுந்து நின்று கத்தினார்.

"மாப்பிள்ளை, அந்த கோல் பக்கம் காஞ்சிருக்கு பாருங்க."