கெம்பிக்குப் போட்ட தையல்

புருஷன் திம்மையா செத்த பிறகு, சௌடம்மாளின் கன்னடத்தைக் காது கொடுத்துக் கேட்க அந்த வீட்டில் மிஞ்சியது ஒரு செவலை நாய்தான். பங்காளிகளோடு சண்டை போட்டு, நெசவாளர் தெருவை விட்டுத் திருச்சுழி ரோட்டோரம் தனி வீடு கட்டி வந்த வீறாப்பு மனுஷன், இவளுக்குப் பேச்சுத்துணை வேண்டுமே என்று யோசித்தாரா? இல்லை. மகன் ஹரிஹரசுதன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தான். தீபாவளிக்குத் தலையைக் காட்டுவான்.

நாயின் பெயர் கெம்பி. அவர்கள் கன்னடத்தில் சிவப்பி என்று அர்த்தம். யார் ‘வா’ என்றாலும் அது திரும்பிப் பார்க்காது. சௌடம்மாள் கன்னடத்தில் ‘பா’ என்றால் போதும், ஒரே பாய்ச்சலில் வந்து மேலே விழும்.

வருஷத்துக்கு இரண்டு ஈற்று. குட்டிகளெல்லாம் ரோட்டில் அடிபட்டே போயின. தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் கடைசிக் குட்டியையும் புதைத்துவிட்டு வந்தவள், இனி போதும் என்று முடிவு செய்தாள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் ராஜகுரு கர்ப்பப்பையை எடுத்துத் தையல் போட்டார். ஒரு நாள் மயக்கமாகக் கிடக்கும், சரியாகச் சாப்பிடாது, பயப்பட வேண்டாம். தையலை நக்கவிடக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, குதிக்கவே விடக் கூடாது, பத்தாம் நாள் பிரித்துவிடலாம் என்றார்.

நக்கவிடக் கூடாது என்றதை மட்டும் சௌடம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுவதுபோல, தறியில் அறுத்த புதுத்துணியை அதன் வயிற்றில் சுற்றினாள். நெசவுக்காரி கைக்கு வேறென்ன துணி அகப்படும்? பாவு நூலுக்குப் போட்ட அரிசிக் கஞ்சி அதில் மொடமொடவென்று அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் காலையில், தறிக்குழிக்குள் படுத்திருந்த நாயை, கஞ்சி வாசத்துக்கு எறும்பு மொய்த்துக் கிடந்தது. பதறிப்போய், வாய் தவறி, “பா கெம்பி, பா” என்றாள். நாய் குழியிலிருந்து ஒரே தாவாகத் தாவியது. துணியில் ரத்தம் பரவியது.

டாக்டர் கோபப்படாமல் மறுபடி தைத்தார்.

“இன்னொருக்கப் பிரிஞ்சா பொழைக்காதும்மா. பத்து நாளைக்கு நீங்க கூப்பிடாம இருங்க, அது போதும்.”

‘பா’ மட்டுமில்லை, அவள் குரல் கேட்டாலே கெம்பி எழுந்திருக்கப் பார்த்தது. அதனால் வாயையே மூடிக்கொண்டாள். கஞ்சித் துணியை வீசிவிட்டு, துவைத்த பழம்புடவையைத் தளர்வாகக் கட்டினாள். தறியை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அது நக்கப் போகும்போதெல்லாம் முகத்தைக் கையால் திருப்பினாள். தனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனபோது இப்படி யாரும் பக்கத்தில் உட்காரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாளே திம்மையா ‘பா’ என்று தறிக்குக் கூப்பிட்டார். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வந்தது.

அவள் பேச்சை நிறுத்தியது ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. குடத்தோடு போன பெத்தம்மாள் மட்டும், சௌக்கியமா என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் நடந்துவிட்டாள்.

பத்தாம் நாள் டாக்டர் தையலைப் பிரித்து, நன்றாக ஆறிவிட்டது, இனி தாராளமாகக் கூப்பிடலாம் என்றார். வீட்டுக்கு வந்து, கெம்பியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் நின்று, ‘பா’ என்றாள். குரல் எழவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. நாய் சும்மா நின்றது. அவளுக்குப் பயமாகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். கெம்பி காதை நிமிர்த்தியது. பாய்ந்து வந்து மேலே விழுந்தது. சௌடம்மாள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து நாள் கதையையும் ஒன்று விடாமல் அதனிடம் கன்னடத்தில் சொல்லத் தொடங்கினாள்.