கிளம்புகிறவரிடம் கேட்கக் கூடாத கேள்வி

"தம்பி, வெளிய கிளம்பிகினு கீறியா, வூட்டுக்கு வந்துட்டியா?" என்று போனில் கேட்டார் என்னோடு வேலை செய்த சுமதி அக்காவின் கணவர். வந்துவிட்டேன் என்றேன். அதற்குப் பிறகுதான் அக்கா காலமான செய்தியைச் சொன்னார். அந்த முதல் கேள்வி யாருடையது என்று எங்கள் ஆய்வுக் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

மரணத்தைப் பற்றி மனிதர்கள் எவ்வளவு யோசிக்கிறார்கள் என்று அளக்கும் ஒரு கேள்வித்தாள். பல நாடுகளில் சோதிக்கிறார்கள். தமிழிலும் அது சரியாக அளக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. புள்ளிவிவரம் எனக்கு, ஆட்களைச் சந்திப்பது மண்ணூர்க்காரரான அக்காவுக்கு. படப்பையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் தாளைக் கொடுக்கச் சொன்னது நான்தான். கூட்டம் அங்கேதானே சேரும்? வந்த தாள்களில் ஏறக்குறைய எல்லாமே 'ஒருபோதும் இல்லை'. எல்லோரும் ஒரே விடை சொன்னால் அளக்க ஒன்றுமில்லை. ஆய்விலிருந்து தமிழை நீக்கிவிடலாம் என்று கடிதமே எழுதிவிட்டேன்.

"நம்ம ஜனங்க இதை யோசிக்கிறதே இல்லக்கா" என்றேன்.

அக்கா சிரித்தார். "வேலைக்குக் கிளம்பறவன் போறேன்னுகூட சொல்ல மாட்டான், வரேன்னுதான் சொல்வான். அவனை நிக்க வெச்சு சாவைப் பத்திக் கேக்கறே. படிச்சவன்தானே நீ?"

சகுனமெல்லாம் அறிவியல் இல்லை என்று கத்தினேன்.

"இல்லாங்காட்டி போவட்டும். டிக் போடற கை அவனுதுதானே? லெட்டரை ரெண்டு மாசம் அனுப்பாதே."

அதே தாள், ஒரு சொல்கூட மாற்றவில்லை. ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டவர்களிடம் மட்டும் கொடுத்தார். "தெனமும் நெனைக்கேன்க்கா, மெஷினுக்குள்ள கைய விடும்போதெல்லாம்" என்று சொல்லி நிதானமாக டிக் போட்டார் ஒரு திருநெல்வேலிக்காரர்.

இந்த முறை விடைகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. சில வாரம் கழித்து அதே ஆட்களிடம் கேட்டபோதும் அவரவர் விடை மாறவில்லை. மற்ற நாடுகளில் எந்தக் கேள்விகளின் விடைகள் சேர்ந்தே ஏறி இறங்கினவோ, அவையே இங்கும் சேர்ந்து ஏறி இறங்கின. திரையைப் பார்த்து நாற்காலி சாய எழுந்து கூவினேன்.

"அப்ப யோசிக்கறாங்களா?" என்றார் அக்கா.

"யோசிக்கறாங்கக்கா!"

"லெட்டரைக் கிழி." நாலாகக் கிழித்தேன். ஆய்வில் தமிழ் நிலைத்தது.

அக்காவின் கேள்விதான் இப்போது எங்கள் தாளின் முதல் வரி: 'வெளியே கிளம்புகிறீர்களா, வீடு வந்துவிட்டீர்களா?' மற்ற மொழிக் குழுக்களும் அதைக் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கின்றன. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டதும் அந்த ஒரு வரிதான். அன்று போனில் நான் கிளம்புகிறேன் என்று சொல்லியிருந்தால், அவர் கணவர் செய்தியைச் சொல்லாமல் பொறுத்திருப்பார்.