தாழ்வான இடம்

பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். இன்று காலை அதற்காகக் கோவில்பட்டியில் இன்ஜினீயரின் அலுவலகத்தில் இருந்தேன்.

விண்ணப்பத்தில் ‘கட்டிடக் கழிவு மேலாண்மைத் திட்டம்’ என்றொரு தலைப்பு. கீழே ஒரு வரிக்கு இடம்.

இன்ஜினீயர் யோசிக்காமல் எழுதினார்: அருகிலுள்ள தாழ்வான இடத்தில் கொட்டப்படும்.

“அது எங்கன இருக்கு, சார்?”

“எல்லாருக்கும் இதான் எழுதுதோம். லாரிக்காரனுக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும்,” என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த விவசாயி, எங்கள் பக்கத்துப் பேச்சில் சம்சாரி. “எங்க ஊருணிதான். கரிசக்காட்டுல தாழ்வான இடம்னா தண்ணி நிக்கதுக்குன்னு உள்ளது, அண்ணாச்சி. பாதி ஊருணில செங்கலும் டைல்ஸ் துண்டும் விழுந்துட்டு. எனக்கு நாப்பது ஆடு. இந்த மழைக்கும் தண்ணி நிக்கலன்னா, எல்லாத்தையும் வித்துற வேண்டியதுதான்.”

இன்ஜினீயர் பேனாவை வைத்தார். “அப்போ என்னன்னு எழுத? நீங்களே சொல்லுங்க.”

சம்சாரி விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தார். “மேடான இடம்னு எழுதுங்க.”

“மேட்டுல எல்லாம் பிளாட் போட்டாச்சே.”

இன்ஜினீயர் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்து சம்சாரியின் முறை. மகளுக்கு இடித்துக் கட்டும் வீட்டுக்கான விண்ணப்பம். இன்ஜினீயர் அதிலும் அதே வரியை எழுதி நீட்டினார். சம்சாரி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே லாரியாகப் பேசிக்கொள்ளலாம் என்றார் இன்ஜினீயர். இருவரும் சம்மதித்திருக்கிறோம்.

நாற்பது ஆடு. வாங்க விருப்பமுள்ளவர்கள் கமெண்டில் சொல்லவும்.